வாலும் இரண்டு புள்ளியும்

மதிய இடைவேளையில், கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்காரி லிஃப்ட்டுக்குள் நின்று கள்ளக் கையெழுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். போக வேண்டிய மாடி எதுவும் இல்லை. மேலும் கீழுமாக நான்கு முறை போய்வந்த பிறகு, ஐந்தாவது கையெழுத்துதான் ஓரளவு தேறியது.

மாதிரிக்கு எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. லிஃப்ட் சுவரில் தொங்கிய பராமரிப்பு அட்டையில் மாதாமாதம் கையெழுத்துப் போடுகிற மெக்கானிக், அவளுடைய வீட்டுக்காரர்தான். கடைசி எழுத்திலிருந்து நீளமாக ஒரு வால், அடியில் இரண்டு புள்ளி.

என்ன செய்வது? இரண்டு பெண்களில் சின்னவள் நீச்சல் போட்டிக்காக மூன்று நாள் வெளியூர் போக வேண்டும். ஃபார்மை இவளே பள்ளியில் கேட்டு வாங்கிவந்திருந்தாள். அதில் அப்பா கையெழுத்து இல்லாவிட்டால் பள்ளியில் கூட்டிப்போக மாட்டார்கள். அவரிடம் கேட்பதும் சுவரில் போய் முட்டிக்கொள்வதும் ஒன்று. அதனால் அவள் கேட்கவில்லை.

பெண்களை வளர்க்கிற விஷயத்தில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். "பெத்தவங்கன்னா ஒரு பயம் இருக்கணும். பயம் இருந்தாத்தான் மரியாதை. எதுவா இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லணும்" என்பார் அவர். அந்த முகத்தைப் பார்க்கத்தான் வீட்டில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. வாசலில் அவர் பூட்ஸைக் கழற்றும் சத்தம் கேட்டாலே டிவி தானாக வாயை மூடிக்கொள்ளும்.

இவள் அதற்கு நேர்மாறு. பெண்களோடு சரிக்குச் சரி அரட்டை அடிப்பாள். "எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்கடி. அப்பாவை நான் பார்த்துக்கறேன்" என்பாள்.

பெரியவள் விஷயத்தில்தான் பார்த்துக்கொள்ள முடியாமல் போனது. அவளுக்கு ஹாஸ்டலில் தங்கிப் படிக்க ஆசை. ஃபார்ம் வாங்கிவந்து, கையெழுத்து ஒன்றைத் தவிர எல்லாம் எழுதியும் வைத்துவிட்டாள். "அப்பா ஒத்துக்க மாட்டார்டி" என்று இவள் சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மூன்று வருஷம் ஆகியும், அப்பா கூடத்துக்கு வந்தால் பெரியவள் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். இவளுக்கு அந்தக் குற்ற உணர்ச்சி தீரவே இல்லை. சின்னவளுக்காவது ஏதாவது செய்துவிட வேண்டும் என்றுதான் இந்தத் திருட்டு வேலை.

அன்று மாலையே ஃபார்மைப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் காலை நீச்சல் கோச்சிடமிருந்து போன்.

"கொஞ்சம் நேர்ல வர முடியுமாம்மா?"

போகும் வழியெல்லாம் பொய்களை வரிசைப்படுத்திக்கொண்டே போனாள்.

கோச் அறையில் ஈரத் துண்டு வாடை. மேசைமேல் அவள் கொடுத்த ஃபார்ம்.

"இது உங்க வீட்டுக்காரர் போட்ட கையெழுத்துதானா?"

வாயைத் திறந்தாள். தயாராக வைத்திருந்த பொய்களில் ஒன்றுகூட வரவில்லை, அழுகைதான் வந்தது. "நான்தான் சார் போட்டேன். பொண்ணைத் தண்டிச்சிடாதீங்க, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவங்கப்பா ஒத்துக்க மாட்டாரு, அதான்..."

கோச் சங்கடத்தோடு ஃபைலைத் திறந்து இன்னொரு ஃபார்மை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே வால். அதே இரண்டு புள்ளி.

"முந்தாநாளே பொண்ணோட வந்து, என் கண்ணு முன்னாடி போட்டுக் கொடுத்துட்டாரும்மா. ஒரே பொண்ணுக்கு ரெண்டு ஃபார்ம் இருக்கேன்னுதான் கூப்பிட்டேன்."

திரும்பி வரும்போது அவமானம் ஒரு பக்கம், பொறாமை ஒரு பக்கம். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நேரே அப்பாவிடம் போயிருக்கிறாள்!

மருத்துவமனைக்குள் நுழைந்தால், அன்றைக்கென்று பார்த்து லிஃப்ட் சர்வீஸ். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி அவர் நின்றிருந்தார்.

"என்னங்க, சின்னவளுக்குக் கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேனே" என்றார் அட்டையை எடுத்துக்கொண்டே. "வந்து முன்னாடி நின்னா. கை காலெல்லாம் உதறுது. ஆனா முகத்தைப் பார்த்துக் கேட்டா. தினமும் எட்டு மணிக்குப் போன் வரணும், வரலேன்னா கிளம்பி அங்கேயே வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போட்டேன். உங்கிட்ட சொல்ல வேண்டாம்னதும் நான்தான். நீ எப்ப வந்து கேக்கறேன்னு பார்க்கலாம்னு."

"நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு நான்..."

"பயம் இருக்கணும்னு சொன்னேன். கேக்கவே கூடாதுன்னா சொன்னேன்?"

அவள் கைப்பைக்குள், பழகிப் பார்த்த காகிதம் மடங்கிக் கிடந்தது.

அவர் அட்டையில் தேதி எழுதி, வாலை இழுத்து, இரண்டு புள்ளி வைத்தார். பேனாவைச் சட்டைப் பையில் செருகியவர் அப்படியே நின்றார். வீட்டில் யாரும் கேட்டிராத குரல் ஒன்று அவரிடமிருந்து வந்தது.

"பெரியவளோட ஹாஸ்டல் ஃபார்ம் ஒரு வாரம் மேசைமேலயே இருந்துச்சு. இன்னைக்கு வருவா, நாளைக்கு வருவான்னு நானும் பேனாவோட உக்காந்திருந்தேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அவ ஏன் கேக்கவே இல்ல?"