வெர்னாவின் இரண்டு நிமிடம்

“என் பேர் வெர்னா டோலஃப்சன். துப்பாக்கிக் கடை வச்சிருக்கேன். இந்த மசோதா இந்த ரூமை விட்டு வெளியவே வரக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போக வந்திருக்கேன்.”

அமெரிக்காவின் மொன்டானா மாநிலச் சட்டமன்றத்தின் குழு அறையில் பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தலைவர் மேசையைத் தட்டினார்.

வெர்னாவுக்கு இதெல்லாம் புதிதில்லை. துப்பாக்கிக்குக் கடிவாளம் போடும் மசோதா எது வந்தாலும், பனி கொட்டினாலும் சரி, வண்டியை எடுத்துக்கொண்டு மலை இறங்கி வந்துவிடுவாள். மசோதாவைப் பற்றிக் கருத்துச் சொல்ல வருகிற பொதுமக்களுக்கு இரண்டே நிமிடம்தான் தருவார்கள். அவள் வாய்க்கு அதுவே தாராளம்.

இந்த முறை வந்திருப்பது கொஞ்சம் வில்லங்கமானது. ஒருவன் மனம் உடைந்து தன்னையோ பிறரையோ சுட்டுவிடுவான் என்று பயம் வந்தால், வீட்டார் நீதிபதியிடம் போகலாம். நீதிபதி அவன் துப்பாக்கிகளைக் கொஞ்ச காலத்துக்கு வாங்கி வைக்கலாம், புதிதாக எதுவும் வாங்கக் கூடாது என்று தடையும் போடலாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குழுவில் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்து கிடந்தது. எந்தப் பக்கமும் சாயாமல் உட்கார்ந்திருந்தவர் கஸ் என்கிற மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர்தான். வெர்னா அவரைப் பார்த்தே பேசினாள்.

“குத்தம் பண்ணினவன்கிட்டேருந்து பிடுங்குங்க, நான் வேணாங்கல. இவன் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே! நீதிபதி அவனைக் கண்ணால பாத்திருக்கக்கூட மாட்டாரு. அவன் பக்கத்து நியாயத்தைக் கேக்கறதுக்கு முன்னாடியே போலீஸ் ஷெரிஃப் வந்து கதவைத் தட்டுவாரு. மூஞ்சி வாடியிருக்குன்னு ஒருத்தனோட உரிமையைப் பிடுங்கலாமா? ஆயுதம் வச்சுக்கிறது ஜனங்களோட உரிமைன்னு அரசியல் சாசனத்துல இருக்கு. சிரிச்ச மூஞ்சிக்காரங்களுக்கு மட்டும்னு எங்கயாவது போட்டிருக்கா?”

அறை சிரித்தது. கஸ்ஸும் சிரித்துவிட்டுத் தலையை ஆட்டினார். விழுந்துவிட்டார் மனுஷன்! வெர்னாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது.

கேள்வி கேட்கக் கை தூக்கியவன் வேட் ஹாலரன். மசோதாவைக் கொண்டுவந்தவனே அவன்தான். இளவட்டம். வெர்னாவுக்குப் பக்கத்து ஊர்க்காரன்.

“கேளு தம்பி,” என்றாள்.

“உறுப்பினர்னு மரியாதையா சொல்லணும்மா,” என்றார் தலைவர்.

“சரி, கேளுங்க உறுப்பினர் தம்பி.”

மறுபடியும் சிரிப்பு. வேட் அது அடங்கும்வரை காத்திருந்தான்.

“நான் தேர்தல்ல நிக்கறதுக்கு ரொம்ப முன்னாடி ஒரு நாள் உங்க கடைக்கு வந்தேன். கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு, இன்னைக்கு விக்க முடியாதுன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?”

இல்லாமலா? துப்பாக்கி விற்பதென்றால், வாங்குகிறவன் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டி மேலிடத்து அனுமதி வாங்கியாக வேண்டும். அது பனி உருகுகிற காலம். வேட் சவரம் செய்யாத முகத்தோடு வந்து நின்றான். எந்தத் துப்பாக்கி வேண்டும் என்றதற்கு, எதைக் கொடுத்தாலும் சரி என்றான். கையில் எடுத்துப் பார்க்கவில்லை, விலை கேட்கவில்லை. தோட்டா முழுப்பெட்டி வேண்டாம், சில்லறையாகக் கிடைக்குமா என்றான். வெர்னா கடையைச் சாத்திவிட்டு அவனை எதிர் ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். அவன் அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போகும்வரை எழுந்திருக்க விடவில்லை.

“இருக்கு,” என்றாள்.

“அன்னைக்கு நிஜமாவே கெட்டுப்போச்சா?”

பின்வரிசையில் இருந்த துப்பாக்கிக் கடைக்காரர்கள் சட்டென்று தரையைப் பார்த்தார்கள். அவர்கள் கடைகளிலும் கம்ப்யூட்டர் எப்போதாவது அப்படிக் கெட்டுப்போவதுண்டு. அதை யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

கெடவில்லை என்று சொன்னால், வாடிய மூஞ்சியைப் பார்த்து வெர்னாவே ஒருத்தனுக்குத் துப்பாக்கி மறுத்தது வெளியே வந்துவிடும், கஸ் கைநழுவிப் போய்விடுவார், மசோதா நிறைவேறிவிடும். அதுகூடக் கிடக்கட்டும். இந்தப் பையன் அன்றைக்கு எதற்காக வந்தான் என்று மாநிலமே கேட்குமே! அடுத்த தேர்தலில் இவனைக் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்களே!

“கெட்டுத்தான் போச்சு,” என்றாள், குரல் பிசிறாமல்.

வேட் குனிந்து தன் கைகளைப் பார்த்தான். பிறகு மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

“அப்ப நான் இன்னைக்கு உயிரோட இருக்கறது ஒரு ஓட்டைக் கம்ப்யூட்டராலதான். இத்தனை வருஷமும் உங்களாலன்னு நினைச்சுட்டு இருந்தேன்.”

முட்டாப் பயல்! அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை எல்லார் முன்னாலும் அவனே போட்டு உடைத்துவிட்டான். வெர்னாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“உங்க நேரம் ஆயிடுச்சும்மா. நீங்க போகலாம்,” என்றார் தலைவர்.

வெர்னா நகரவில்லை. கஸ் பக்கம் திரும்பவும் இல்லை.

“இருங்க, இன்னும் ஒண்ணு பாக்கி. இப்ப ஒரு பொய் சொல்லிட்டேன், அதைத் திருத்திக்கணும்,” என்றாள், மசோதாவை வாங்கு வாங்கென்று வாங்கிய அதே குரலில். “கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருந்துச்சு.”