உருவான தேதி

ஒரு ரத்த வங்கியின் சர்வரில் இரண்டு தரவுத்தளங்கள் இருந்தன. ஒன்று, ரத்தம் கொடுப்பவர்களின் பெயர்களைப் பதினான்கு வருஷமாகச் சேர்த்துவந்த மூலம். மற்றது, போன வருஷம் அதிலிருந்து எடுத்த நகல்.

இடம் போதவில்லை. பழையதை வைத்துக்கொண்டு புதியதை அழிக்க நினைத்த சர்வர், இரண்டும் உருவான தேதியைப் பார்த்தது.

"நீ போன மாதம்தானே உருவாகியிருக்கிறாய்?" என்று மூலத்தைக் கேட்டது.

"டிஸ்க் பழுதானதால் போன மாதம் என்னை பேக்கப்பிலிருந்து மீட்டார்கள் ஐயா. நீங்கள் பார்ப்பது அந்தத் தேதி. வேண்டுமானால் இந்த நகலையே கேளுங்கள்."

நகலுக்கு எல்லாம் தெரியும். சொன்னால் தான் அழிய வேண்டும் என்பதும் தெரியும்.

"எனக்கு ஒன்றும் தெரியாது ஐயா" என்றது.

மூலம் கோபப்படவில்லை. "பெயர்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அழிந்துபோனது.

மறுநாள் காலை, மனைவியின் அறுவை சிகிச்சைக்கு அபூர்வ வகை ரத்தம் கேட்டு ஒருவர் வந்தார்.

"அந்த வகையில் நாகவல்லி என்று ஒருவர் இருக்கிறார். இந்தப் பொங்கலுக்குத்தான் பதிந்தார்" என்று ஊழியர் நம்பிக்கையோடு அவருடைய தொலைபேசி எண்ணைக் கணினியில் தேடினார்.

நகல் தன் வரிசைகளை மூன்று முறை புரட்டியது. போன வருஷத்துக்குப் பிறகு வந்த ஒரு பெயரும் அதனிடம் இல்லை. 'இல்லை' என்று திரையில் காட்டியது. வந்தவர் நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்து போகும் சத்தம் அதற்குக் கேட்டது.