குடும்ப விருந்து

“யாரைக் கேட்டு இங்கே சாப்பாடு போடுறீங்கம்மா?”

நகராட்சி அதிகாரியின் குரல் கேட்டதும் தையல்காரம்மாவின் கரண்டி சூப்புக்குள்ளேயே நின்றுவிட்டது. பூங்கா மரத்தடியில், வீடு வாசல் இல்லாதவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“புதுச் சட்டம் தெரியுமில்ல? பொது இடத்துல இப்படிச் சாப்பாடு போடக் கூடாது. ஊருக்கு வெளியே முகாம் கட்டியிருக்கோம், அங்கே போய்ப் போடுங்க. பூங்காவுல குடும்ப விருந்துக்கு மட்டும்தான் அனுமதி.”

“அவ்வளவு தூரம் எல்லாரும் வர மாட்டாங்க சார். இந்த மரத்தடியை விட்டு அசையாத ஆளும் இருக்கு. பட்டினி கிடந்தே செத்துடும்.”

“அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? பாத்திரத்தை எடுங்க.”

அவள் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த, தட்டோடு இருந்தவர்களில் ஒருவரான குடை ரிப்பேர்க்காரர் தொண்டையைச் செருமினார்.

“சார், இது குடும்ப விருந்துதான். நான் இவங்களுக்குப் பெரியப்பா முறை.”

“நான் நாத்தனார்” என்றாள் பக்கத்தில் மூட்டையோடு இருந்தவள், கொஞ்சமும் கூசாமல்.

“நான் சம்பந்தி!”

“நான் மாப்பிள்ளை வீட்டுப் பங்காளி!”

“எந்த மாப்பிள்ளை?” என்றார் அதிகாரி.

“இனிமேதான் பார்க்கணும் சார்.”

அடக் கடவுளே! தையல்காரம்மாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதற்குள் நாத்தனாரும் சம்பந்தியும் எங்கிருந்தோ முளைத்துவிட்டார்கள். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அதிகாரி வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, கடைசியில் தனியாக உட்கார்ந்திருந்த தாடிக்காரரிடம் போனார்.

“நீங்க என்ன முறை?”

“எனக்கு யாரும் கிடையாது. இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது.” தாடிக்காரர் மிரண்டுபோய்த் தட்டைத் தள்ளிவிட்டு எழப் பார்த்தார்.

“அட, உட்காருங்கய்யா. இத்தனை பேர்ல உண்மை பேசின ஒரே ஆளு நீங்கதான்!”

தையல்காரம்மா பதறிக்கொண்டு ஓடி வந்தாள். அவர் தட்டில் ஓரம் வெட்டிய ரொட்டித் துண்டுகளை வைத்தாள். “ஆமாங்கய்யா, நான் யாரோதான். நீங்க சாப்பிடுங்க.”

அவர் மெல்ல உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

அதிகாரி அவளைத் தள்ளி அழைத்துப் போனார். “சரி, தினமும் குடும்ப விருந்துன்னே வச்சுக்கிறேன். இவ்வளவு சொந்தக்காரங்களை நான் எங்கே விரட்டுறது? ஆனா ஒண்ணு கேட்கணும். எல்லாருக்கும் ரொட்டியை அப்படியே வைக்கிறீங்க. அவருக்கு மட்டும் ஏன் ஓரத்தை வெட்டுறீங்க?”

அவள் தாடிக்காரர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சின்ன வயசுலேர்ந்தே எங்க அண்ணனுக்கு ஓரம் பிடிக்காது சார். மூளைக் காய்ச்சல் வந்து எல்லாம் மறந்துடுச்சு. தங்கச்சின்னு சொல்லிக்கிட்டுப் போனா பயந்து ஓடிடுறான். ஊருக்கே போடுற மாதிரி, யாரோவா வந்து போட்டாத்தான் என் கையால சாப்பிடுறான்.”