நாற்பதாயிரம் படங்கள்

"வேகம் வேணும் தம்பி, வேகம்! எங்க பழைய மிஷின்ல ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிட்டு, போய் டீ குடிச்சிட்டு வரலாம். அதை மூடுறதுக்கு இன்னொரு டீ!"

ஆய்வகத்தின் இயக்குநர் சொன்னதும் கூட்ட அறையில் எல்லோரும் சிரித்தார்கள். விற்பனைப் பிரதிநிதி மட்டும் ஒரு மாத்திரை கூடுதலாகச் சிரித்து வைத்தான். மூன்று மாதமாக அவன் கையால் ஒரு கம்ப்யூட்டர்கூட விலை போகவில்லை. "இன்னிக்கும் வெறுங்கையோட வந்தா அடையாள அட்டையை வாசல்லயே கழட்டிக் கொடுத்துடு" என்று மேலாளர் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்.

மேஜைமேல் இரண்டு கறுப்புப் பெட்டிகள். ஒன்று அவனுடையது. மற்றது போட்டிக் கம்பெனியுடையது. விலை பாதி, வேகம் அதிலும் பாதி. அதைக் கொண்டுவந்தவர் எப்படியும் தோற்கப் போகிறோம் என்று தெரிந்தவராக, கடைசி நாற்காலியில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

கொள்முதல் அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை. "சார், பாதி விலைக்கு அது கிடைக்குது. இதுலயும் கீபோர்டு இருக்கு, அதுலயும் இருக்கு..."

"உங்களுக்கு கீபோர்டு தெரியுது, எனக்கு எதிர்காலம் தெரியுது!" இயக்குநர் மேஜையைத் தட்டினார். "மைக்ராஸ்கோப்ல எடுத்த படம் மலை மாதிரி குவிஞ்சு கிடக்குது. ஒவ்வொண்ணுலயும் செல்லை எண்ணணும், கணக்குப் போடணும். உண்மையைச் சீக்கிரம் பார்க்கணும்யா! அதுல போய்க் கஞ்சத்தனமா?"

பிரதிநிதிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதியைத் தாண்டவும் ஒரு வித்தை வைத்திருந்தான். முப்பது வருஷம் விற்பனையில் ஊறின அவன் தாய்மாமன் சொல்லிக்கொடுத்தது அது: 'வாங்குறவனுக்குப் பொருளைக் காட்டாதே மாப்பிள்ளை, அவனையே அவனுக்குக் காட்டு.'

"சார், சோதனைக்கு நான் வேற யார் படத்தையும் கொண்டுவரலை. உங்களுக்குப் பரிசு வாங்கிக் கொடுத்த ஆராய்ச்சி இருக்கே, அந்தப் படங்களையே உங்க காப்பகத்துல கேட்டு வாங்கி ஏத்தியிருக்கேன். மொத்தம் நாப்பதாயிரம்!"

இயக்குநரின் முகம் மலர்ந்தது. செத்துப்போன நரம்புச் செல்களை எலிகளின் மூளையில் மறுபடி முளைக்க வைக்கும் மருந்து அவருடைய கண்டுபிடிப்பு. அவர் பரிசு வாங்கும் புகைப்படம் மாடிப்படியில் ஒன்று, லிஃப்ட் எதிரில் ஒன்று, கழிவறைக்குத் திரும்பும் முனையில் ஒன்று என்று மூன்று இடத்தில் மாட்டியிருந்தது.

"பலே! ஓட்டுங்க தம்பி."

பிரதிநிதி பொத்தானை அழுத்தினான். பெட்டிக்குள் விசிறிகள் உறுமின. திரையில் எலி மூளையின் துண்டுகள் சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி பறந்தன. இயக்குநர் டீயை உறிஞ்சியபடி பழைய பெருமைகளைப் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் பச்சையில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக இரண்டு பட்டைகள் ஒரே உயரத்துக்கு எழும்பி நின்றன. பிரதிநிதி திரையைப் பார்க்கவே இல்லை; அவன் கண்ணெல்லாம் கடிகாரத்தில்.

"ஒன்பதே நிமிஷம் சார்!"

யாரும் கைதட்டவில்லை. இயக்குநரின் டீக் கோப்பை உதட்டுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்த மூத்த ஆய்வாளர் அம்மா குனிந்து, பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

இயக்குநர் எழுந்துபோய்த் தன் கையாலேயே திரையை அணைத்தார்.

"நல்ல மிஷின்தான். ஆனா... சத்தம் ஜாஸ்தி."

"சத்தத்தைக் குறைச்சிடலாம் சார்."

"சூடும் ஜாஸ்தி. அதுவுமில்லாம, விஞ்ஞானத்துக்கு அவசரம் ஆகாது தம்பி. நிதானம் வேணும்."

பிரதிநிதி பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டான். "வேகம் போதலையா சார்? இதே விலைக்கு இன்னொரு கிராபிக்ஸ் கார்டு போட்டுத் தர்றேன். நாலே நிமிஷத்துல..."

"ஐயோ, வேண்டாம்!" என்று அலறியேவிட்டார் இயக்குநர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி நாற்காலியைக் கைகாட்டினார். "அவரோடதையே வாங்கிக்கலாம்."

போனிலிருந்து தலை நிமிர்ந்தவர், "சார், என்னோடதையா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

கொள்முதல் அதிகாரிக்கு நெஞ்சு விம்மியது. "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு சிக்கனத்தை நான் பார்த்ததில்லை சார்! வருஷ அறிக்கையில போட்டே ஆகணும்" என்று கும்பிட்டார்.

பிரதிநிதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தான். பெட்டியைவிடக் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைதான் கனத்தது. மறந்துபோன ஒயரைக் கொடுப்பதற்காக ஆய்வாளர் அம்மா பின்னாலேயே ஓடிவந்தார்.

"மேடம், நீங்களாவது சொல்லுங்க. என் பொழைப்பே போச்சு. இதுல என்ன குறை கண்டார் அவர்?"

அந்த அம்மா முன்னும் பின்னும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு குறையும் இல்லைப்பா. அந்தக் காலத்துல எங்க மிஷின் இருநூறு படத்துக்கு மேல தாங்காது. எந்த இருநூறுன்னு அவரேதான் உட்கார்ந்து பொறுக்கி எடுத்தாரு. நீ நாப்பதாயிரத்தையும் எண்ணிக் காட்டிட்டே. அந்த மருந்து ஏத்தின எலிக்கும் வெறும் உப்புத்தண்ணி ஏத்தின எலிக்கும் ஒரு செல்கூட வித்தியாசம் இல்லை!"