எட்டரை மணி வகுப்பு

காலை ஆறு மணிக்கு எழுகிறேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டு லிந்துலையில் பஸ் ஏறுகிறேன். எட்டரைக்குத் தீயணைப்பு நிலையத்தில் வகுப்பு. புதிதாகச் சேரும் சிங்கள வீரர்களுக்கு, அவசரத்துக்கு உதவும் தமிழைச் சொல்லிக்கொடுக்கிறேன். நிலையம் திறந்து முப்பது வருடம். தமிழ் தெரிந்த முதல் ஆள் நான்தான்.

இன்றும் அந்த ஒலிப்பதிவைப் போட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பெண் இந்த நிலையத்துக்குச் செய்த அழைப்பு.

"ஐயா, தோட்டத்து லயத்து வீட்டுல நெருப்பு புடிச்சிருச்சு! கதவத் தொறக்க முடியலங்க!"

"சிங்களத்தில் சொல்லுங்க அம்மா," என்று சிங்களத்திலேயே சொல்கிறார், அன்று போனை எடுத்தவர்.

"எனக்கு வராதுங்க... நெருப்பு! நெருப்புங்க!"

பின்வரிசையில் லஹிரு சிரித்தான். "பஸ் கொண்டக்டர் மாதிரி கத்துறாங்களே சேர்!"

"நெருப்பு என்றால் சிங்களத்தில் கின்ன. எழுதிக்கொள்," என்றேன்.

எழுதினான். சிரிப்பு நின்றுவிட்டது.

"வண்டி போனதா சேர்?"

"போனது. சிங்களம் தெரிந்த ஒருவர் திரும்ப அழைத்துச் சொன்ன பிறகு. நாற்பது நிமிடம்."

"கடைசியா என்னமோ மெதுவாச் சொன்னாங்களே, அது என்ன?"

"அது பாடத்தில் இல்லை."

அந்த வரியை நான் யாருக்கும் மொழிபெயர்த்ததில்லை. என் மனைவி ஐவி கடைசியாகச் சொன்னது இதுதான்:

"போன வச்சிராதீங்கய்யா. எங்க வீட்டுக்காரரு கடையில பாண் வாங்கப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு. அவருக்கு நல்லா சிங்களம் வரும்."