புகைபோக்கி பூசிய வானம்

செங்கல் சூளையின் புகைபோக்கிக்கு, அந்தி வானத்துக்குச் சாயம் பூசுவதே தான்தான் என்று நினைப்பு. பக்கத்துப் பனையில் அடையும் மைனாவிடம் தினமும், "இன்னிக்குச் சிவப்பு எப்படி?" என்று கேட்கும்.

மைனா இருமிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, அண்ணே," என்னும்.

மழைக்காலம் வந்ததும் சூளையை அணைத்தார்கள். மழை ஓய்ந்த ஒரு மாலையில் மேற்கு வானம் ஆரஞ்சும் ரோஜாவும் ஊதாவுமாய்ப் பற்றி எரிந்தது.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்றது புகைபோக்கி.

"நீங்க அவ்வளவு ஆசையா கேட்டீங்க. மனசு வரலை," என்றது மைனா. அன்று அதற்கு இருமலே வரவில்லை.

தையில் சூளையை மறுபடி மூட்டினார்கள். வானம் பழுப்பேறி மங்கியது. புகைபோக்கி எதுவும் கேட்கவில்லை.

மைனாவே இருமிவிட்டு, "இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கு, அண்ணே," என்றது.

புகைபோக்கிக்கு இடிந்து விழுந்தால் தேவலை என்றிருந்தது.