நின்றால் அணையும் கார்

“இந்த ஷெட்டுல வேலை பாத்தா ஒரு வாரம்கூடத் தாங்காது.”

நாலு பேர் காதில் விழும்படி சொல்லிக்கொண்டேதான் உத்திராபதி காரை விட்டு இறங்கினார்.

நெரவி மெயின் ரோட்டில் இருந்த அந்த மெக்கானிக் ஷெட் கதிரவனுடையது. உத்திராபதி பட்டினச்சேரியில் சொந்தமாகப் படகு வைத்திருப்பவர். கதிரவனுக்கு மாமனார். ஆனால் அந்த உறவை அவர் ஒத்துக்கொண்டதில்லை. வீட்டுக்குத் தெரியாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள் என்று மகள் பூங்கொடியிடமும் பேச்சு இல்லை, மருமகனிடமும் பேச்சு இல்லை. பேரன் பிறந்து தவழ ஆரம்பித்துவிட்டான். அப்போதும் இல்லை.

அப்படிப்பட்டவரைக் கார்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

இன்ஜெக்‌ஷன் வண்டிகள் வந்த புதிதில் வாங்கிய பழைய கார் அது. மழைக்காலத்தில் ஒருநாள் ரயில்வே கேட்டில் நின்றபோது இன்ஜின் அணைந்துபோனது. தள்ளிக்கொண்டு வந்தவர்கள், பக்கத்தில் இருக்கிறதே என்று கதிரவன் ஷெட் வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

மாமனார் நேராகப் பேசவில்லை. கூட வந்த மனைவி குஞ்சம்மாளைப் பார்த்து, “ஓடுறப்ப நல்லா ஓடுது, நின்னா மட்டும் உறுமி உறுமி அணைஞ்சிடுதுன்னு அந்த மெக்கானிக்குகிட்ட சொல்லு” என்றார். மெக்கானிக் ரெண்டு முழ தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

கதிரவன் த்ராட்டிலைச் சுத்தம் செய்தான். ஐடிலிங் வால்வைக் கழுவினான். சென்சாரை மாற்றிப் பார்த்தான். எதற்கும் அசையவில்லை. கடைசியில் பார்த்தால், இன்ஜினுக்குப் பின்னால் ஒரு சின்ன ரப்பர் ஹோஸ் கழன்று கிடந்தது. அது வழியாகக் கண்ட காற்றும் உள்ளே போனால், வண்டி நிற்கும்போது இன்ஜின் எப்படி நிதானமாக ஓடும்? செருகினான், சரியாகிவிட்டது.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். அடுத்த வாரமே கார் திரும்பி வந்தது. அதே உறுமல், அதே ஹோஸ். புது ஹோஸ் மாற்றினான். அதுவும் கழன்றது. ஒவ்வொரு தடவையும் மாமனார் ரோட்டைப் பார்த்தபடி நின்று, இந்த ஷெட்டின் லட்சணத்தை வந்தவர் போனவருக்கெல்லாம் எடுத்துச் சொன்னார். குஞ்சம்மாள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த மகள் வீட்டுக்குள் நுழைந்துவிடுவார். கார் ரெடியாகும்வரை அங்கே தாகம் தீராது.

கதிரவனுக்குத்தான் பொழுது விடிந்தால் பயமாக இருந்தது. வாடிக்கையாக வந்த ரெண்டு மூன்று பேர் வேறு ஷெட்டுக்குப் போய்விட்டார்கள். போன வாரம் ஹோஸ் மேல் இரும்புக் கிளாம்ப் போட்டு, ஸ்க்ரூவை அழுத்தி முறுக்கி அனுப்பினான்.

இன்றைக்குப் பானெட்டைத் திறந்தால் கிளாம்பையே காணோம். ஹோஸ் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஏதோ முனையால் நெம்பிய புதுக் கீறல்.

கதிரவனுக்குப் புரிந்துவிட்டது. தன் பிழைப்பைக் கெடுக்க மாமனாரே கழற்றிவிட்டு வருகிறார். பத்து பேர் முன்னால் அவமானப்பட்டது போதும், இன்றைக்கு அதே பத்து பேர் முன்னால் கேட்டுவிட வேண்டும் என்று நிமிர்ந்தான்.

“இது தானா கழலல. யாரோ கையால கழட்டியிருக்காங்க.”

திருமலைராயன்பட்டினத்திலிருந்து முதல் தடவையாக வேன் கொண்டுவந்திருந்த முகைதீன் பிச்சை, சாவியைக் கையில் வைத்தபடி, “யாரு தம்பி கழட்டுனது?” என்று கேட்டார்.

பதில் சொல்ல வாயைத் திறந்த கதிரவனின் பார்வை பின்கட்டு வாசலுக்குப் போனது. குஞ்சம்மாள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். குழந்தையைப் பிடித்திருந்த விரல்களில் இன்ஜின் கரி. அவனை விட்டுக் கண்ணை எடுக்காமல், லேசாகத் தலையை மட்டும் ஆட்டினார். வேண்டாம் என்று.

கதிரவன் ஹோஸைக் கையில் எடுத்து, “ஒண்ணுமில்ல பாய். நான்தான் கிளாம்ப சரியா முறுக்காம விட்டிருக்கேன். என் தப்புதான்” என்றான்.

முகைதீன் பிச்சை வேன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

“சாவியக் குடுத்துட்டுப் போங்க பாய்.”

சொன்னது உத்திராபதி. “என் வண்டிக்கு வயசாயிட்டு, அவ்வளவுதான். பையன் வேலையில ஒரு குத்தமும் கெடையாது.”

முகைதீன் பிச்சை ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

கதிரவனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஹோஸைச் செருகிவிட்டு, டப்பாவிலிருந்து புதுக் கிளாம்ப் ஒன்றை எடுத்தான்.

உத்திராபதி பக்கத்தில் வந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார். பின்கட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“கிளாம்ப் வேணாம் மாப்ளே. காலையில உங்க அத்தை அத மீன் கத்தியால நெம்பிக்கிட்டிருந்தா. கையக் கிழிச்சுக்கப் போறாளேன்னு நான்தான் ஸ்க்ரூ டிரைவர அவ கண்ணுல படுற மாதிரி வெச்சுட்டு உள்ள போயிட்டேன்.”